எல்லா எழுத்தும் ஒலிக்கும்

இந்தக் கவிதையில் அவள் பெயர் பிழையாகத்தான் வரும்,
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
ககம்பா என்று எழுதினால்
எங்கிருந்தோ ஒரு காகம் வந்து
முதல் இரண்டு எழுத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது.
அங்கே இருப்பது க-வே அல்ல.
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச்
சட்டென்று பிடுங்கும் சொடுக்கு,
புட்டியின் தக்கை கழன்றாற்போல.

நம் வாயிலும் இதெல்லாம் உண்டு.
ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுகிறோம்.
கடைவாயோரம் உறிஞ்சி மாட்டை முடுக்குகிறோம்.
பேச்சின் நடுவே பல்லி சொன்னால்
அதையும் சாட்சிக்குச் சேர்த்துக்கொள்கிறோம்.
இருநூற்று நாற்பத்தேழில் மட்டும்
ஒன்றுக்கும் இடம் கொடுக்கவில்லை.

ஊர், தென்னாப்பிரிக்காவில் கெபெர்ஹா
(இதிலும் ஒரு சொடுக்கு விட்டுப்போயிற்று).
முன்பு போர்ட் எலிசபெத்.
பெயர் மாறிய வருடம்
வாயில் நுழையவில்லை என்று வங்கி வரிசையில் சச்சரவு.
வாயைத் திறந்தால்தானே நுழையும்
என்றாள் மீன் விற்கும் ஒருத்தி.

செவிலியர் கல்லூரி. வாய்மொழித் தேர்வு.
ககம்பா கோயியா அட்டையைப் பார்த்து
ப்நியூமோனியா என்றாள்,
எழுதியிருந்தபடியே, ப்-ஐ விடாமல்.
தேர்வாளர் சிரித்தார். பக்கத்திலிருந்தவரும்.
வலது நுரையீரலின் அடியில் சளி கட்டியிருப்பதை
அவள் சரியாகச் சொன்னது
அந்தச் சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை.

பட்டமளிப்புக்கு முன் ஒரு படிவம் வந்தது.
பெயர். எண். அங்கியின் அளவு.
உங்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்?
இந்த மாதிரிக் கட்டங்களில்
கிளாரா என்று எழுதிவிட்டுப் போவது அவள் வழக்கம்.
இம்முறை எழுதினாள்:
என் பெயர் நியூமோனியா மாதிரி இல்லை.
எல்லா எழுத்தும் ஒலிக்கும்.

அதைப் படித்தவர் துணைப் பதிவாளர்
லோரென்ஸ் டெர்ப்ளான்ஷ்.
பதினோரு வருடமாக மேடையில் பெயர் வாசிப்பவர்.
அவர் பெயரே பிரான்சிலிருந்து கப்பலேறி வந்து
தப்பாகவே கூப்பிடப்பட்டு, கூப்பிடப்பட்டு,
தப்பே பெயராய் உறைந்துபோனது.
ஊர்ப்பெயரின் கடைசித் தொண்டைக் காறல்
அவர் ஆப்பிரிக்கான்ஸில் தினமும் காறுவதுதான்.
முன்னால் இருக்கும் சொடுக்குக்குத்தான்
ஐம்பத்தெட்டு வயது நாக்கு மடங்கவில்லை.

இரவு, பாத்திரம் கழுவியபடி பழகினார்.
நாக்கு பல்லில் பட்டு உச்சுக் கொட்டிற்று.
யாருக்கு என்ன ஆச்சு? உள்ளறையிலிருந்து மனைவி.
யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு பெயர்.
காரில், சிவப்பு விளக்கில்,
பக்கத்து வண்டிக்காரர் முறைக்க முறைக்க.
கல்லூரி வாசலில் காவலுக்கு நிற்கும் லுண்டி
கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு,
இன்னும் பின்னால் சார், பல்லை விட்டுவிடுங்கள் என்றார்.

அன்று அரங்கில்
முதல் எழுத்து சொடுக்கியது.
இரண்டாவதில் வாய் வறண்டு
வெறும் க விழுந்தது.
யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.
முன்னூறு பெயரில் ஒன்று, அடுத்ததற்குப் போயிருக்கலாம்.
நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.
மடக்கு இறங்குவது ஒலிபெருக்கியில் கேட்டது.
முதல்வர் நீட்டிய கை அந்தரத்தில்,
அவள் மேடையில் பாதி வழியில்.
மறுபடி, தொடக்கத்திலிருந்து.
இரண்டும் சொடுக்கின.
ஆனால் குடும்பப் பெயரைப் பழக மறந்திருந்தார்,
அது கோணலாய் வந்து தொப்பென்று விழ,
இருபத்தேழாம் வரிசையில் அவள் அம்மா
வாய்விட்டுச் சிரித்தாள்.
தேர்வாளரின் சிரிப்பு அல்ல அது. வேறு.

வார்டில் அவள் இப்போதும்
ப்நியூமோனியா என்றுதான் சொல்கிறாள்.
சரியான உச்சரிப்பு நன்றாகத் தெரியும்.
புதிதாய் வந்த பையன் ஒருவன் திருத்தினான்:
சிஸ்டர், அந்த ப் பேசாது.
மூச்சுக்குழாயைச் சரிசெய்தபடி சொன்னாள்:
என் ஷிஃப்டில் பேசும்.

காகம் இன்னும் போகவில்லை.
மேலே அவள் பெயர் இருக்கும் இடத்துக்குப் போய்
அண்ணத்திலிருந்து நாக்கை இருமுறை பிடுங்குங்கள்.
பறந்துவிடும்.