குழாய்ச்சுருளில் கூடு

பல்லாரட்டில் ஓக் மரம்
சித்திரையில் இலை உதிர்க்கும்.
ஆடியில் புல் வெளுத்துக் கிடக்கும்.
கார்க் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டுகையில்
நேற்று நான் கூட்டித் தள்ளிய மரச்சீவலை
மறுபடி நடைபாதைக்கு இறைக்கிறது
ஒரு கறுப்புப் பறவை.
மஞ்சள் அலகு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம்.
கூச்சமே கிடையாது.

"இங்கிலாந்துச் சரக்கு,"
வேலிக்கு அப்பால் கிளெனிஸ்.
"பாட்டுக்காகக் கப்பலில் கூண்டோடு கொண்டுவந்தார்கள்.
இப்போது திராட்சைக்காரர்கள் திட்டுகிறார்கள்."

நோட்டில் எழுதினேன்:
ஆவணி பதினெட்டு. விடியுமுன் ஐந்து நாற்பது.
முதல் பாட்டு.

அங்கே மாசியில் தொடங்குமாம்.
வெயிலும் பனியும் இடம் மாறிய ஊரில்
முதலில் வந்தது
எந்த மாதத்தில் வாய் திறந்ததோ.

புரட்டாசியில்
தோட்டத்துக் குழாய்ச்சுருளுக்குள் கூடு.
சேறு பூசிய கிண்ணம்; என் மரச்சீவலும் அதில்தான்.
நான்கு முட்டைகள்,
பச்சையா நீலமா, சொல்லத் தெரியவில்லை,
மேலே துருப் புள்ளி.
அடைகாப்பவள் கறுப்பு அல்ல, பழுப்பு.
என்னைப் பார்த்தும் எழவில்லை.

மூன்று வாரமாகப் பட்டாணிக்கு
வாளியில்தான் தண்ணீர்.
இடுப்பு விட்டுப்போயிற்று.

நேற்று கிளெனிஸ்
வேலிக்கு மேலாகத் தன் குழாயின் முனையை நீட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
முதலில் வந்த தண்ணீர்
வெயிலில் கிடந்த சூட்டோடு வந்தது.