குளிர்காற்றை விலைக்கு வாங்கியவள்

மொன்டானாவில் ஜனவரி. மைனஸ் பதினெட்டு.
கராஜ் கதவு பாதிவரைதான் ஏறியது,
மீதியைப் பனி பிடித்துக்கொண்டது.
குனிந்து உள்ளே வந்தார் பக்கத்து வீட்டு ஆர்லோ மகோவிச்,
பெட்டியின் மேல் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார்:
குளிர்காற்று உறிஞ்சி.
பிறகு வெளியே பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
'இந்த ஊரில், இந்த மாதத்தில்,
குளிர்காற்றுக்குக் காசு கொடுத்தாயா, வில்மா?'

கொடுத்தேன். இருநூற்று அறுபது டாலர்.
கொல்லன் தெருவில் ஊசி வாங்கியவள் நான்தான்.
வளைந்த அலுமினியக் குழாய் ஒன்று,
சிவப்பில் கூம்பாக ஒரு ஃபில்டர்,
நான்கு கிளாம்ப், ஒரு தகரத் தடுப்பு,
எறும்பு எழுத்தில் ஒரு தாள்.
ஐந்து குதிரை கூடும் என்றது தாள்.

வேலையில் நான் ஓட்டுவது பனி தள்ளும் லாரி.
முப்பது மைலைத் தாண்டாது.
பின்னால் எப்போதும் பத்து கார், பத்து சாபம்.
சனிக்கிழமைகளில் எனக்கு ஐந்து குதிரை வேண்டியிருந்தது,
அவ்வளவுதான்.

பாட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றினேன்.
கையுறையோடு திருகு பிடிபடவில்லை,
கையுறை இல்லாமல் விரல் பிடிபடவில்லை.
பத்து மில்லிமீட்டர் சாக்கெட் நழுவி
எஞ்சினுக்குள் எங்கோ மூன்று முறை மோதி
நான்காவது சத்தம் கேட்கவில்லை.
ஆர்லோ தன்னுடையதைக் கொண்டுவந்து தந்தார்,
'திருப்பித் தா' என்றார், இரண்டு முறை.

பழைய ஏர்பாக்ஸ் குளிரில் விறைத்திருந்தது.
ஒரு கொக்கி உடைந்தது, மற்றது விட்டுக்கொடுத்தது.
மூடியைத் தூக்கினால்
உள்ளே ஒரு வீடு.
கூரையிலிருந்து உருவிய இளஞ்சிவப்புப் பஞ்சு,
நார்நாராய்க் கிழித்த டிஷ்யூ,
நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி.
குடியிருந்த சுண்டெலியைக் காணோம்.
இத்தனை நாள் என் சுபாரு
ஒரு படுக்கையறை வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறது.

நான் சிரித்தேன். ஆர்லோ சிரிக்கவில்லை.
பஞ்சுக்கு அடியில் களஞ்சியம் இருந்தது:
பழுப்பு உருண்டைகள், எலும்பு வடிவத்தில்,
அறுபதோ எழுபதோ,
ஒன்றுகூடக் கடிபடாமல்.

நாய்த்தீனி.
என்னிடம் நாய் இல்லை.
அவரிடம் இருந்தது. ரூடி. நவம்பர்வரை.

'தட்டு காலியானதும் காலியானதும் நிரப்பினேன்,
நன்றாகத்தான் சாப்பிடுகிறான் என்று
டாக்டரிடம் சொன்னேன்' என்றார்.

கராஜில் ஹீட்டர் மட்டும் பேசியது.
நான் துணியை எடுத்து
துடைக்க வேண்டாத இடத்தைத் துடைத்தேன்.
அவர் ஒரு கை அள்ளினார்,
பஞ்சை ஊதினார்,
கோட்டுப் பையில் போட்டுப் பையை மூடினார்.
மீதியை என்ன செய்வது என்று கேட்கவில்லை நான்.
ஒரு காபி டப்பாவில் கொட்டி அலமாரியில் வைத்தேன்,
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிறகு வேலை. குழாயை நுழை, திருப்பு,
வெளியே எடு, வேறு பக்கம் திருப்பி நுழை.
கிளாம்பை இறுக்கு, அதிகம் இறுக்காதே.
தகரத் தடுப்பு கையைக் கீறியது.
சாவியைத் திருப்பினேன்:
எஞ்சின் பிடித்தது, திணறியது, செத்தது.
மறுபடியும் பிடித்து, மறுபடியும் செத்தது.
இருநூற்று அறுபது டாலர் கண்முன் வந்து நின்றது.

ஆர்லோ பேசாமல் விரல் நீட்டினார்.
காற்றை அளக்கும் சென்சாரின் பிளக்
சொருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.
எவ்வளவு காற்று வருகிறது என்று தெரியாமல்
எவ்வளவு பெட்ரோல் ஊற்றும், பாவம்.

சொருகினேன். டிக்.
மூன்றாம் முறை நின்றுகொண்டது.
ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது
பானட்டுக்குள் யாரோ
நீளமாக மூச்சை உள்ளிழுப்பது போல ஒரு சத்தம்.

'ஐந்து குதிரை வந்ததா?'
'சத்தம் வந்திருக்கிறது' என்றேன்.
'ஏறுங்கள், சுரங்க மேடுவரை போய்ப் பார்ப்போம்.'
பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.
மேட்டில் வேகம் கூடியதா, தெரியவில்லை.
இருவருமே கூடியது என்றோம்.

என் சாக்கெட் கிடைக்கவில்லை.
இடப்பக்கம் வளையும்போது மட்டும்
அடியில் எங்கோ உருள்கிறது.
அவருடையதையும்
இன்னும் திருப்பித் தரவில்லை.