காணிக்கிளையில் பாபிலோன்

பேப்பர் எரிஞ்சு போச்சு, மிஸ்.
இன்றைக்கு இதைச் சொல்லும் பதினான்காவது ஆள்
தெய்வேந்திரம்.
முத்தையன்கட்டு இடதுகரை, மூன்று ஏக்கர்,
எழுபத்தேழில் கொடுத்த பெர்மிட்.
எங்கே எரிந்தது என்று கேட்கப்
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
மாத்தளன் என்கிறார்.
பிறகு, இல்லை, அதுக்கு முதலே இரணைப்பாலையில் என்கிறார்.
பெட்டி ஓரிடத்தில். பெட்டியைச் சுமந்த பெடியன் வேறிடத்தில்.
கட்டம் சின்னது,
ஓர் ஊரின் பெயரைத்தான் எழுதலாம்.

என் மேசை லாச்சிக்குள் தடித்த சரித்திரப் புத்தகம் ஒன்று.
மத்தியானச் சோற்றோடு மெல்ல மெல்ல
பாபிலோன் வரை வந்திருக்கிறேன்.
ஆற்று மண்ணைப் பிசைந்து உள்ளங்கையளவு தட்டி
நாணல் முனையால் குத்திக் குத்திக் காணி எழுதினார்கள்.
சிப்பார் என்ற ஊரில் பெண்களும் எழுதினார்களாம்
(அவர்களுக்கும் முதுகு நொந்திருக்கும்).
எழுதியதை இன்னொரு மண்ணுறையால் மூடி
உறையின் மேலும் அதையே எழுதினார்கள்.
வெளியில் எவனும் ஒரு சொல்லைத் திருத்தினால்
வழக்கில் உடைத்து உள்ளே பார்க்கலாம்.
முத்திரை இல்லாதவன் ஈர மண்ணில்
நகத்தை அழுத்திவிட்டுப் போனான்.
அந்தப் பிறை அப்படியே கிடக்கிறது.
சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில்
வாசிக்க வேண்டுமாம்.

பகைவர் நகரத்துக்குத் தீ வைத்தபோது
கதவு எரிந்தது, கூரை எரிந்தது,
மண்ணில் எழுதியது மட்டும்
சூளையில் வெந்த ஓடுபோல் இறுகிக்கொண்டது.
இந்த வரியில் என் சோற்றுக்கை காய்ந்தது.

ஒட்டைச் சுட்டவனின் பெயரில் நிற்கிற ஊர் இது.
குரக்கன் தாளுக்கு வைத்த நெருப்பில்தான்
எங்கள் கடவுள் அகப்பட்டார்.
ஓடு அறுத்த மண், பிடித்தால் பிடித்தபடி நிற்கும் மண்,
கந்தோர் வாசலிலேயே செருப்பில் ஒட்டுகிறது.
இருந்தும் நாங்கள் தாளை நம்பினோம்.

வடக்கு எல்லை?
பாலை மரம், மிஸ். இப்ப இல்லை.
கிழக்கு? வாய்க்கால்.
தெற்கு? தம்பையற்றை காணி. தம்பையர் இல்லை, காணி இருக்கு.
மேற்கு? முள்ளுக்கம்பி.
கம்பிக்கு அங்கால் யாருடைய காணி?
என்ரதான், மிஸ்.

சுவர் மணிக்கூட்டில் ஓடும் அறுபது
பாபிலோன்காரர் எண்ணி வைத்த அறுபது.
எங்களுக்கும் நாள் அறுபது நாழிகை, வருசச் சுற்று அறுபது,
யாரிடம் யார் வாங்கினோமோ.
கம்பி போட்டுப் பதின்மூன்று வருசம்;
நிமிசமாக்கிப் பார்க்க
கல்குலேட்டரை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

வருசப்பிறப்பில் அங்கே பூசகர்
அரசனின் முடியையும் செங்கோலையும் வாங்கி வைத்துவிட்டு
கன்னத்தில் ஓங்கி அறைவாராம்.
கண்ணீர் வந்தால்தான் மார்துக் தெய்வத்துக்குத் திருப்தி.
எங்கள் சித்திரைக்குக்
கைவிசேடம் மட்டும்.

அவர்களின் எல்லைக்கல் உச்சியில் பிறை, சூரியன், வெள்ளி.
கீழே தேளும் பாம்பும் காவல்.
அடியில் சாபம்.
‘வேறு குறிப்புகள்’ என்ற கட்டத்தில்
பென்சிலால் எழுதினேன்:
இந்தக் கல்லை அசைத்தவன் வயலில் உப்புப் பூக்கட்டும்.
விதைத்தது நெல்லாகவும் முளைத்தது கோரையாகவும் இருக்கட்டும்.
மழைக்குப் பொறுப்பான தெய்வம்
அவன் வாய்க்காலின் பெயரை மறக்கட்டும்.

என்ன மிஸ் எழுதிறியள், இவ்வளவு நேரம்?
ஒண்டுமில்லை, ஐயா.
அழித்தேன். அழிறப்பர் தூளை ஊதினேன்.
மைத்தட்டு காய்ந்திருந்தது;
கொஞ்சம் அமத்துங்கோ என்றேன்.
பெருவிரலை ஊன்றி அமத்தினார்,
மை பாதிதான் பிடித்தது,
தாளில் நகம் முழுதாய்ப் பதிந்தது.

மேலதிகாரிக்குப் போகும் கோப்பில் அதை வைக்குமுன்
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன்.
உப்பு தெரிந்தது. கோரை தெரிந்தது.
தெய்வத்தின் ‘தெ’ மட்டும் சற்று மங்கல்.

பதினைந்தாம் நம்பர், வாங்கோ.