இருக்கைக்குப் பின்னால் சுவர் உண்டா

கூடத்தைக் காலி செய்கிறோம், சர்வர் அறை மட்டும் போதும்,
எல்லாரும் இனி வீட்டிலிருந்தே என்று
திங்கட்கிழமை முதலாளி சொன்னார்.
வெள்ளி சாயந்தரம் சாவி கொடுக்கணும்.
வண்ணாரப்பேட்டை மூன்றாம் மாடியில்
ஆள் நாற்பத்திரண்டு, லேப்டாப் முப்பது,
வி.பி.என். உரிமம் இருபத்தைந்து.
கழித்தல் கணக்கில் நான் கெட்டிக்காரி.

ஒரு படிவம் அடித்தேன்.
உங்கள் ஊரில் எந்த சிம்முக்குக் கோடு நிறைய விழும்.
கரண்ட் எத்தனை மணிக்குப் போகும்.
நாம் பார்ப்பது அடுத்தவர் நோய், ஆஸ்பத்திரி பில், காப்பீட்டுக் கோப்பு.
ஆகையால்
இருக்கைக்குப் பின்னால் சுவர் உண்டா?
ஆம். இல்லை. ரெண்டே கட்டம்.

கட்டத்துக்கு வெளியேதான் எழுதினார்கள்.
களக்காடு ஜெபக்கனி: பின்னால அடுப்படி.
அத்தைக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, பரவாயில்லையா அக்கா?
மேலப்பாளையம் மைதீன் பாத்து:
பீடி சுத்துற நாலு பேரு. முறத்த விட்டுத் தல நிமிந்தா கூலி போச்சு,
யாரு பாக்கப் போறா.
பணகுடி பிரமநாயகம்:
வீட்டச் சுத்திக் காத்தாடி, ஆனாலும் பதினோரு மணிக்குக் கரண்ட் போயிரும்,
என்னத்தச் சொல்ல.

மூன்று ராத்திரி.
கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயப்போட்ட மாதிரி
மேஜை முழுக்க லேப்டாப் விரித்து
ஒன்றின் வயிற்றை இன்னொன்றுக்கு நகல் எடுத்தேன்.
வட்டைப் பூட்டினேன். பூட்டின சாவியை இன்னொரு பூட்டில் வைத்தேன்.
முப்பது நொடியில் செத்துப்போகும் ஆறு எண்ணைக்
கணக்குப்பிள்ளை ஆறுமுகநயினாருக்கு விளக்கினேன்.
நோட்டுல குறிச்சு வச்சுக்கிடட்டுமா என்றார்.
மேஜைக் கம்ப்யூட்டர்கள் போர்வை சுற்றி ஆட்டோவில் போயின,
பிரசவம் முடிந்து வீடு திரும்புகிற மாதிரி, மடியில்.

முப்பத்தெட்டாவது படிவம் உச்சிமாகாளி, ராத்திரி ஷிப்ட்.
வீட்டு விலாசம்: மூன்றாம் மாடி, வண்ணாரப்பேட்டை.
போன் போட்டேன். ஆபீஸ் விலாசத்த எழுதிட்டீரு, மாத்தணும்.
மாத்தாண்டாம், அது சரிதான் என்றான்.
அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை.
பின்னால சுவர் உண்டு அக்கா, என்றான்.

கதவு அட்டைப் பதிவைத் திறந்தேன்.
பதினோரு மாதம். காலை ஆறுக்கு வெளியே, ஏழுக்கு உள்ளே.
கொக்கிரகுளத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருகிற நேரம்.
ஞாயிறும் அப்படியே. தீபாவளியும்.
மாதாமாதம் இதை அச்சடித்துக்
கையெழுத்துப் போட்டது நான்.

முதலாளிக்கு எழுதினேன்:
கரண்ட் போய் வந்தால் சர்வர் தானாக எழும்பாது,
கையால் பொத்தானை அமுக்க ஒரு ஆள் வேண்டும்.
பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கவும்.
பொய்யில்லை. முழுசும் அதுவுமில்லை.
சரி, சம்பளம் கூட்ட மாட்டேன் என்று பதில் வந்தது.

சனிக்கிழமை சேரன்மகாதேவியில் என் கட்டிலில் உட்கார்ந்து
ஒவ்வொரு வீட்டுக்கும் தூரம் அளந்தேன்.
மேலப்பாளையம் பதினெட்டு மில்லிசெகண்ட்.
பணகுடி அறுபத்தொன்று. களக்காடு நூற்றி நாற்பது, இழுத்து இழுத்து.
உச்சிமாகாளி: ஒன்றுக்கும் கீழே.
எனக்குப் பின்னால் சுவரில்லை, ஜன்னல்.
என் படிவத்தை நான் நிரப்பவே இல்லை.

பதினோரு மணிக்கு அவன்தான் கூப்பிட்டான்.
பணகுடி அணைஞ்சிட்டு, அக்கா.
அது வந்துரும், வேற என்ன?
ஒண்ணுமில்ல, கூடம் இருந்தப்ப அங்கன படுத்துக்கிடுவேன்,
இந்த ரூம்ல ஏசிய பதினெட்டுல வச்சிருக்கீய.

கையேட்டைப் புரட்டினேன்.
இருபத்தேழு வரை இயந்திரம் தாங்கும் என்று போட்டிருந்தது.
இங்கிருந்தபடியே
இருபத்தைந்தாக்கினேன்.