பத்துக்குப் பன்னிரண்டு

ஒஸ்லோவில் நடுச்சாமம், எனக்கு விடிகிற நேரம்.
பரராசசிங்கத்தாரின் குரல் போனுக்குள் வந்து கிடக்கும்:
"பிள்ளை, சாப்பாட்டறையைச் சுருக்கிப் போடாதேங்கோ.
எட்டுக் கதிரை போட்டாலும்
பின்னால ஒராள் சொதிச் சட்டியோட சுத்திவர
இடம் வேணும்."

கோண்டாவிலில் ஒரு மாடியறையில்
வீடுகளுக்குக் கோடு போடுகிறவள் நான்.
பத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதி
நடுவில் ஒரு நீள்சதுரம், சுற்றிவர எட்டுச் சிறு பெட்டி.
கணினியில் ஒரே சொடுக்கு.
மேசை வந்துவிடும், பசி வராது.

எங்கள் வீட்டு மேசையில்
ஆறு மாதமாக இஸ்திரிப் பெட்டி,
கட்டாத கரண்ட் பில், மகளின் விஞ்ஞானக் கொப்பிகள்,
ஓர் ஓரம் முளைவிட்ட வெங்காயம்.
இவர் ஆஸ்பத்திரியில் இரவுக் கடமை முடிந்து வந்து
குசினி மேடையில் சாய்ந்தபடி
பாணைப் பிய்த்துச் சம்பலில் தொடுவார்.
மகள் கட்டிலில், போனுக்கு முன்னால்.
நான் பிரிட்ஜைத் திறந்து
அந்த வெளிச்சத்தில் நின்றபடி.
மூன்று பேரும் தின்பது ஒரே சம்பல்தான்.
மற்றதெல்லாம் வேறு வேறு.

ஆகவே துணிந்து சொன்னேன்:
"ஐயா, இப்ப ஒருத்தரும் அங்க இருந்து சாப்பிடுறேல்லை.
சதுர அடி என்ன விலை தெரியுமோ?"
நெடுநேரம் பதில் இல்லை. பிறகு,
"தெரியும் பிள்ளை. இஞ்ச நாங்கள் நாலு பேர்,
நாலு நேரம்.
அதாலதான் கேக்கிறன்."

பிளாட் போட்டு முட்டுக் கழற்றாத ஒரு மத்தியானம்
அளவு பார்க்கப் போனேன்.
யன்னல் இல்லாத ஓட்டைகளால் வெயில் உள்ளே நின்றது.
இரண்டு பெயின்ற் வாளி, மேலே ஒரு பலகை.
நான் கோடு போட்ட அதே இடத்தில், அதே நீளத்துக்கு.
ஆறு பேர் சோற்றுப் பெட்டிகளைத் திறந்திருந்தார்கள்.
ஒருவரின் கணவாய்க் கறி
எல்லாருடைய சோற்றையும் கறுப்பாக்கியிருந்தது.

மேசன் செபநேசன் ஒரு வாளியைக் கவிழ்த்து
என் பக்கம் தள்ளினார்.
"இருங்கோ மிஸ். குடிபுகுந்தால் பிறகு
எங்களுக்குத் தேத்தண்ணி வெளி விறாந்தையில.
இப்பவே உள்ளுக்க இருந்து சாப்பிட்டுப் போடுவம்."
எல்லாரும் சிரித்தார்கள்.
கஜீபன் என்ற பெடியன் மட்டும் எழும்பிப் போய்
ஏற்கெனவே கழுவிய கையை
இன்னொருக்கால் கழுவினான்.

நான் இருந்தேன்.
பருப்பும் கணவாயும் என் பெட்டி மூடியில் விழுந்தன.
பின்னால் ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு சுற்றி வந்தார்,
எவர் முதுகிலும் இடிக்காமல்.
அளவு சரிதான்.

ஆவணியில் குடிபூரல்.
தேக்கு மேசை, கண்ணாடி, எட்டுக் கதிரை,
முதுகில் பொலித்தீன் உரிக்கவில்லை.
மேசை நீளத்துக்குக் கேற்றரிங் தட்டங்கள் ஏறியிருந்தன.
கதிரைகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு
நூற்றைம்பது பேரும் நின்றுகொண்டு சாப்பிட்டோம்.
பரராசசிங்கத்தார் கோப்பையோடு வந்து
"நல்ல விசாலம், என்ன?" என்றார்.
செபநேசனைத் தேடினேன்.
விறாந்தையிலும் காணவில்லை.
மூன்று கிழமையில் வீட்டைப் பூட்டித்
திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் போனார்கள்.

போன கிழமை நிரோஜனும் மனைவியும் வந்தார்கள்.
இரண்டரைப் பரப்பு, வங்கிக் கடன்.
"சாப்பாட்டறை வேண்டாம் அக்கா.
குசினியோட ஒரு நீட்டு மேடை, உயரக் கதிரை நாலு காணும்."
அவர்கள் கணக்கில் பிழையில்லை.
சுவரை அழித்தேன். மேசையை அழித்தேன்.
எட்டுப் பெட்டியும் ஒரே சொடுக்கில் போயின.
ஹோல் பெருத்து நல்ல வடிவாய் இருந்தது.

இன்று வயரிங் செய்கிறவர் சைற்றிலிருந்து கூப்பிட்டார்:
"மிஸ், ஹோலுக்குள்ள தனிய ஒரு லைற் பொயின்ற் தொங்குது.
நேர கீழ ஒண்டுமில்லை.
பிளானில பிழையோ?"

ஓம், என்று சொல்ல வாயெடுத்தேன்.
"வயரை இழுத்து விடுங்கோ," என்றேன்,
"மூடி ஒண்டு போட்டு."