செத்த நேரம்

மூன்று மாத வாடகைக்குப் பதிலாகக்
கணினியை விட்டுவிட்டு
டேராடூனுக்கு பஸ் ஏறிவிட்டாள் ஷிவானி நேகி.
முனிர்க்காவில் மூன்றாம் மாடி.
எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கினால்
நுரை என் ஜன்னல் கம்பியில் தெறிக்கும்,
அவ்வளவு நெருக்கம்.

திரையைத் திறந்தால் உள்ளே இன்னும் அவள்
வெளியேறாமல் இருந்தாள்.
தங்கக் கவசம். வைரப் படிநிலை. நானூறு வெற்றி.
ஒன்று ஆடித்தான் பார்ப்போமே என்று தொட்டது தப்பு.
அவள் பெயரில் பதினான்கு முறை செத்தேன்.
முடிந்ததும் அறிக்கை வந்தது:
கொன்றது பூஜ்யம், செத்தது பதினான்கு, உதவி ஒன்று.
பகலெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்து
அடுத்தவர் எண்களைத் தட்டி அனுப்புகிறவள் நான்.
இந்த மாதிரி எண்கள் வந்திருந்தால்
நோயாளியை உடனே போனில் கூப்பிட்டிருப்பேன்.

ஹெட்போனில் நாலு பேர் திட்டினார்கள்.
என் இந்தி காய்கறி, ஆட்டோ, வீட்டுக்காரர் மட்டும்.
அன்றிரவு அது வெகுவாக வளர்ந்தது.
திட்டெல்லாம் ஷிவானிக்குத்தான் என்று
நினைத்துக்கொண்டாலும்
காது என்னுடையதுதானே.

புதுக் கணக்கு. அடிமட்டம்.
பெயர் கேட்டது, 'தவமணி' என்று தமிழில் அடித்தேன்.
நாலெழுத்துக்கு ஐந்து சதுரங்கள் விழுந்தன,
ணியின் மேல்வளைவுக்கும் தனியாக ஒன்று.
□□□□□
இதுதான் நீ என்றது ஆட்டம்.

மூன்று பாதை, குறுக்கே ஆறு, இருபுறமும் காடு.
பார்வை எட்டாத இடமெல்லாம் பனிமூட்டம்.
வெளியே டிசம்பர்,
எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியாத டிசம்பர்.
குட்டிச் சிப்பாய்க்குக் கடைசி அடி கொடுத்தவருக்கே காசு.
அடித்ததெல்லாம் நான், காசு இன்னொருத்தனுக்கு.
இந்த ஒன்றை மட்டும்
புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

செத்தால் காத்திருக்க வேண்டும்.
முதலில் பத்து வினாடி, ஆட்டம் முற்ற முற்ற ஐம்பது.
எங்கள் ஊரில் 'செத்த நேரம் இரு' என்றால்
கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.
செத்த நேரம் இருந்தேன்.
இருந்தபடியே துணி மடித்தேன்.
ஒரு சாவுக்கு ஒரு சுடிதார்,
பிந்திய சாவுக்குப் போர்வை.
முதல் வாரம் என் அலமாரி
ஜவுளிக் கடை மாதிரி இருந்தது.

கத்தி எனக்கு வரவில்லை. வில்லும் வரவில்லை.
விளக்கு வந்தது.
அறுபது காசுக்கு ஒன்று, புதரில் நட்டால்
மூன்று நிமிடம் அந்த இடத்துப் பனி விலகும்.
பெருமையில்லாத பொருள், யாரும் வாங்குவதில்லை.
வாங்கினேன்.
ஆற்று முக்கில், குகை வாசலில், ஒடுங்கிய சந்தில்,
எங்கெங்கே செத்தேனோ அங்கெல்லாம் ஒன்று.
பதினான்கு சாவும் பதினான்கு முகவரி.
மறுநாள் ஒரு பருமனான கையில் நரம்பு தேடும்போது
அந்தப் புதர் ஞாபகம் வந்தது:
இருக்கிறது, காட்டத்தான் மாட்டேன் என்கிறது.

ஜனவரியில் ஒரு சனி. ஹீட்டர் கம்பி சிவந்து முனகுகிறது.
ஆற்று விளக்கில் ஐந்து பேர்
ஒருவர் பின் ஒருவராகக் கடப்பதைப் பார்த்தேன்.
எங்கள் ஆள் பாதையோரம் தன்னந்தனியாக
எதுவும் தெரியாமல் ஒரு சிப்பாயை அடித்துக்கொண்டிருந்தான்.
மைக்கை அதுவரை தொட்டதில்லை.
இந்தியில் தேடினேன், ஆட்டோதான் வந்தது.
"ஏல, ஓடுல!" என்று கத்திவிட்டேன்.

என்ன மொழி என்று அவன் கேட்கவில்லை.
ஓடினான்.
ஐவரும் வந்து வெறும் புதரை வெட்டிக்கொண்டு நின்றார்கள்.
"ஷாபாஷ், டப்பா!" என்றது ஒரு குரல்.
என் சதுரங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்.

அந்த ஆட்டம் தோற்றோம்தான்.
கோட்டை சரிந்ததும் எழுந்து அறை விளக்கைப் போட்டேன்.
கட்டிலில் ஒரு வாரத் துணி குவிந்து கிடந்தது.
மடிந்திருந்தது
ஒரே ஒரு துப்பட்டா.