தெரியாது என்று எழுதிய கட்டம்

ஆலங்கட்டி மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்த
மார்ச் மாதச் சனிக்கிழமை
துல்சா சந்தை மைதானத்தில்
லோர்னா டீக் இரண்டு பாம்புகள் வாங்கினாள்.
கைமுட்டி அளவு. பயந்தால் பந்தாகச் சுருண்டு
தலையைத் தனக்குள்ளேயே புதைத்துக்கொள்ளும் இனம்.
ஆண் ஒன்று, பெண் ஒன்று.
இரண்டும் காப்பிப்பொடி நிறம்.

"தோலைப் பார்க்காதே" என்றான் டுவெய்ன் ப்ரூயிட்.
அவன் பெல்ட்டில் ஒரு வெள்ளிக் குதிரை முன்னங்கால் தூக்கி நின்றது.
"வெளுப்பு உள்ளே இருக்கிறது.
இரண்டையும் சேர்த்து வை,
நாலில் ஒன்று
பாலும் எலுமிச்சையுமாய்ப் பிறக்கும்."
தாய் எது, தகப்பன் எது என்றாள்.
"என் வார்த்தை போதாதா?"

போதும் என்றுதான் நினைத்தாள்.

அடுத்த மேசையில் மார்கரீட் ஆஸ்ட்பி
அதே காப்பிப்பொடிக்கு மூன்று மடங்கு விலை சொன்னாள்.
கூடவே ஓர் அட்டை கொடுத்தாள்:
பொரித்த நாள், உரித்த நாட்கள்,
எலியை மறுத்த ஐந்து வாரங்கள்,
தாய்க்கு ஓர் எண், தகப்பனுக்கு ஓர் எண்,
பாட்டன் விச்சிட்டாவில் யாருடைய இழுப்பறையில்
எத்தனை வருடம் கிடந்தான் என்பது வரை.
"பாம்பு இந்த அட்டையையா தின்னப்போகிறது?"
சிரித்தாள் லோர்னா.
மார்கரீட் அட்டையைத் திரும்ப வாங்கி
அடுக்கில் சரியான இடத்தில் செருகினாள்.

பாம்பின் கால் பாம்பறியும் என்கிறோம்.
பாம்பின் பாட்டனைப்
பாம்பும் அறியாது.

மூன்று வருடம்.
நெடுஞ்சாலை உணவகத்தில் இரவு வேலை.
குளிர்பெட்டியில் பட்டாணிக்குப் பக்கத்தில் உறைந்த எலிகள்.
பெண் ஆயிரத்து அறுநூறு கிராம் ஆனபோது
ஆணை உள்ளே விட்டாள்.
ஏழு முட்டைகள்.
ஐம்பத்தெட்டாம் நாள் லீவு போட்டுவிட்டு
டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள்.
முதல் முட்டை கிழிந்து மூக்கு வந்தது.
காப்பிப்பொடி.
இரண்டாவதும்.
ஏழாவது விடியும்போது வந்தது,
அதுவும்.

நாலில் ஒன்று என்பது சத்தியமல்ல,
ஏழு தடவையும் சோழி கவிழ்ந்து விழலாம்.
அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.
மறுவருடம் ஆறு முட்டைகள்.
கதையை வளர்ப்பானேன்.

ப்ரூயிட்டின் எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண்குரல்,
மிகவும் மரியாதையாக.
அவன் பொய் சொன்னானா,
அவனிடம் யாரோ சொன்ன பொய்யை நம்பித்தான் விற்றானா,
அல்லது அத்தனையும் மெய்யாயிருந்து
பதின்மூன்று முறையும் அவளுக்குத்தான் அதிர்ஷ்டமில்லையா?
கேட்டுச் சொல்ல
தோலில் ஓர் எழுத்தும் இல்லை.
நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள்.
பாம்புமூலம் பற்றி
யாரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

மறுபடி மார்ச். மறுபடி அதே தகரக் கூரை.
இந்த முறை லோர்னா மேசைக்கு அந்தப்பக்கம்.
ஹாலிஸ் பியர்டன் என்று ஒரு பையன்,
டயர் கடைச் சீருடை, நகக்கண்ணில் கரி,
ஒரு டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.
"உள்ளே வெளுப்பு உண்டா?"

கையில் பேனா இருந்தது.
உண்டு என்று எழுத ஒரு நொடி.
அவள் கையெழுத்து அழகாக வேறு இருக்கும்.
யாருக்குத் தெரியப்போகிறது,
தெரிய வரும்போது
எந்த எண் உபயோகத்தில் இருக்கப்போகிறது?

எழுதினாள்:
தாயின் எடை, தகப்பனின் எடை.
பொரித்த நாள், விடிகாலை என்பதையும் சேர்த்து.
இரண்டு ஈற்றில் பதின்மூன்று குட்டிகள், வெள்ளை ஒன்றுமில்லை.
தாயின் தாய்: தெரியாது.
தாயின் தகப்பன்: தெரியாது.
தகப்பனின் பக்கத்துக்கு வரும்போது
மை தீர்ந்து, பேனாவை உதறி
அழுத்தி எழுதவேண்டியிருந்தது.
தெரியாது. தெரியாது.
விலை: நாற்பது டாலர்.

பையன் உதடசைத்து முழுவதும் படித்தான்.
ஐம்பது கொடுத்து
மீதி வாங்க நின்றான்.
அட்டையை முதலில்
சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.
பிறகுதான்
டப்பாவை எடுத்தான்.